அலை உடையும் இடம்: குளுவாங்கிலிருந்து கடலுக்குப் போகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில் கடலைவிட்டுத் தள்ளியிருக்கும் குளுவாங்கையும் அதைச் சுற்றியுள்ள செம்பனை, ரப்பர் தோட்டங்களையும் சேர்ந்த பிள்ளைகள் சிலர், வடகிழக்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் பலகைமேல் நின்று அலையில் சறுக்கும் அலைச்சறுக்கு பழகுவதற்காகக் கிழக்குக் கரையிலுள்ள டெசாருவுக்கும் செரத்திங்குக்கும் போய்வருகிறார்கள். கடலோரத்தில் பிறந்த பிள்ளைக்குக் கண்பழக்கத்திலேயே வந்துவிடும் அறிவு, பால்மரங்களுக்கு நடுவில் வளர்ந்த நமக்குக் கேட்டும் பார்த்தும்தான் வரவேண்டியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் கோயில் மண்டபத்தில் பிள்ளைகளும் பெற்றோரும் என்னிடம் கேட்ட கேள்விகளையும், நான் சொன்ன பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

மேற்கே போனால் பத்து பஹாட், கிழக்கே போனால் மெர்சிங். இரண்டு பக்கமும் கடல்தானே, கிழக்கில் மட்டும் ஏன் அலை பெரிதாக இருக்கிறது?

அலையை உண்டாக்குவது காற்று. காற்று எவ்வளவு வேகமாக வீசுகிறது, எவ்வளவு நேரம் விடாமல் வீசுகிறது, தடையில்லாமல் எவ்வளவு தூரம் நீரின்மேல் ஓடிவருகிறது என்ற மூன்றும் சேர்ந்துதான் அலையின் அளவைத் தீர்மானிக்கின்றன. பத்து பஹாட் பக்கம் இருப்பது மலாக்கா நீரிணை. அதற்கு அப்பால் சுமத்ரா தீவு மதில்போல் நின்று இந்தியப் பெருங்கடலின் அலைகளைத் தடுத்துவிடுகிறது. அந்தக் குறுகிய நீர்ப்பரப்பில் காற்று ஓடி வேகம் பிடிக்க இடமில்லை. போதாததற்கு, கரையோரச் சேறும் சதுப்பும் வந்த சிற்றலையையும் விழுங்கிவிடுகின்றன.

கிழக்கே தென்சீனக் கடல் வடகிழக்குத் திசையில் தைவான் நீரிணை வரை இரண்டாயிரம் கிலோமீட்டருக்கும் மேல் திறந்து கிடக்கிறது. நவம்பர் முதல் மார்ச் வரை அந்த நீளம் முழுவதும் வாடைக்காற்று நாள்கணக்கில் விடாமல் வீசும்போது, அது நீருக்குக் கொடுத்த ஆற்றல் எல்லாம் கடைசியில் திரங்கானு, பகாங், ஜொகூர் கரைகளில் வந்துதான் இறங்குகிறது. மற்ற மாதங்களில் அதே டெசாரு பெரும்பாலும் குளம்போல் கிடக்கும்.

அலை வருகிறது என்றால், தண்ணீர் அங்கிருந்து இங்கே வருகிறது என்றுதானே பொருள்?

இல்லை. லாலாங் புல் மண்டிய வெற்று நிலத்தில் காற்றடிக்கும்போது பாருங்கள். ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை அலை ஓடுகிறது. ஆனால் ஒரு புல்லும் தன் வேரை விட்டு நகர்வதில்லை. கடலிலும் ஏறக்குறைய அப்படித்தான். அலை உடையும் கோட்டுக்கு வெளியே மிதக்கும் தேங்காய் மட்டை ஒன்றைச் சற்று நேரம் கவனித்தால், அலை நெருங்கும்போது அது கடலை நோக்கிச் சற்றுப் பின்வாங்கி, மேலேறி, முகட்டில் கரையை நோக்கி முன்வந்து, மறுபடியும் கீழே இறங்கி, கிட்டத்தட்ட தொடங்கிய இடத்துக்கே திரும்புவதைக் காணலாம். நீர்த்துளி வட்டமடிக்கிறது, பயணம் போவது ஆற்றல் மட்டுமே.

அந்த வட்டம் மேற்பரப்பில் பெரிதாகவும் கீழே போகப் போகச் சிறிதாகவும் இருக்கும். இரண்டு முகடுகளுக்கு இடையே உள்ள தூரத்தில், அதாவது அலைநீளத்தில், பாதி ஆழத்துக்குப் போய்விட்டால் அங்கே அலையின் அசைவு இல்லை என்றே சொல்லிவிடலாம். இந்தப் பாதி அலைநீளக் கணக்கை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த பதில் முழுவதும் அதன்மேல்தான் நிற்கிறது.

நடுக்கடலில் உடையாமல் வருகிற அலை, கரைக்கு அருகில் வந்ததும் ஏன் உடைகிறது?

அடித்தரையைத் தொட்டுவிடுவதால். அலைச்சறுக்குப் பழக விரும்புகிறவர் வேறு எதை மறந்தாலும் இதை மறக்கக் கூடாது என்று நான் நினைக்கிறேன். ஏனென்றால் நாம் கண்ணால் பார்க்கும் அலையின் உருவம், நம் கண்ணுக்குத் தெரியாத அடித்தரையின் உருவமே.

டெசாருவில் சாதாரணமாகக் காணும் 7 விநாடி அலையை எடுத்துக்கொள்வோம். ஒரு முகட்டுக்கும் அடுத்த முகட்டுக்கும் இடையே 7 விநாடி என்று பொருள். ஆழ்கடலில் அதன் அலைநீளம் ஏறக்குறைய 76 மீட்டர், வேகம் மணிக்கு 39 கிலோமீட்டர். அதில் பாதியான 38 மீட்டர் ஆழத்துக்கு வந்ததும் அலையின் அடிப்பகுதி தரையை உணரத் தொடங்குகிறது. அதற்குமேல் ஆழம் குறையக் குறைய அலையின் வேகமும் குறைகிறது. ஆழமற்ற நீரில் வேகத்தைத் தீர்மானிப்பது ஆழம் ஒன்றுதான். 2 மீட்டர் ஆழத்தில் அதே அலை மணிக்கு 16 கிலோமீட்டர் வேகத்தில்தான் நகர முடியும்.

காலையில் தோட்டத்துக்கு வேலைக்குப் போகிறவர்களின் மோட்டார் சைக்கிள் வரிசையை நினைத்துப் பாருங்கள். தார்ச்சாலையில் இடைவெளி விட்டு வேகமாக வருகிறார்கள். செம்மண் பாதை தொடங்கும் இடத்தில் முன்னால் போகிறவர் வேகத்தைக் குறைக்கிறார். பின்னால் வருகிறவர் இன்னும் தார்ச்சாலையில் இருப்பதால் குறைக்கவில்லை. இடைவெளி சுருங்கி எல்லோரும் நெருக்கியடித்துக்கொள்கிறார்கள். அலைகளுக்கும் இதுவே நேர்கிறது. முகடுகள் நெருங்குகின்றன, நீண்ட இடத்தில் பரவியிருந்த ஆற்றல் குறுகிய இடத்துக்குள் அடைபடுகிறது, பக்கவாட்டில் போக வழியில்லாததால் அலை உயர்கிறது. உயர உயர முகப்பு செங்குத்தாகிறது. முகட்டில் உள்ள நீர் அலையைவிட வேகமாக முன்னே போகும் கணத்தில், தன்னைத் தாங்க அடியில் ஒன்றும் இல்லாமல் முகடு முன்னோக்கி விழுகிறது. நாம் அலை உடைகிறது என்று சொல்வது அந்தக் கணத்தைத்தான்.

நடுக்கடலிலும் அலை உடைவதுண்டு. உயரம் அலைநீளத்தில் ஏழில் ஒரு பங்கைத் தாண்டினால் முகடு நிற்காது. புயல் நாளில் கடலெங்கும் வெண்ணுரை தெரிவது இதனால்தான்.

எவ்வளவு ஆழத்தில் உடையும் என்று முன்கூட்டியே சொல்ல முடியுமா?

தோராயமாகச் சொல்லலாம். அலையின் உயரம் நீரின் ஆழத்தில் 0.78 பங்கை எட்டும்போது அது உடையும் என்பது 1894ஆம் ஆண்டு முதல் வழக்கில் உள்ள கணக்கு. சரிவான கரையில் இந்த எண் சற்றுக் கூடும். 1 மீட்டர் அலை சுமார் 1.3 மீட்டர் ஆழத்தில் உடையும் என்று நினைவில் வைத்தால் போதும்.

இதைத் திருப்பிப் பயன்படுத்துவதில்தான் பலன் இருக்கிறது. கரையில் நின்று பார்க்கும்போது, தூரத்தில் ஓரிடத்தில் அலைகள் திரும்பத் திரும்ப உடைந்து, பிறகு நுரை அடங்கி, கரையோரத்தில் மறுபடியும் உடைந்தால், அந்த முதல் இடத்தில் மணல்திட்டு ஒன்றும் அதற்கு உட்புறம் ஆழமான பள்ளம் ஒன்றும் இருக்கின்றன. இடுப்பளவு நீரில் நடந்து போகிற ஒருவர் திடீரென்று தலை மூழ்கும் ஆழத்தில் இறங்கக்கூடிய இடம் அந்தப் பள்ளம்தான். கடலில் கால் வைப்பதற்கு முன்பே அதை அலை நமக்குக் காட்டிவிடுகிறது.

சில அலைகள் நுரைத்துச் சரிகின்றன, சில சுருண்டு விழுகின்றன. இந்த வேறுபாடு எதனால் வருகிறது?

அடித்தரையின் சரிவும், அலை தன் நீளத்துக்கு எவ்வளவு உயரமாக வந்து சேருகிறது என்பதும் இதைத் தீர்மானிக்கின்றன. இரண்டையும் ஒரே எண்ணில் அடக்கியதற்கு இரிபாரென் எண் என்று பெயர். இரிபாரென் ஸ்பெயின் நாட்டுப் பொறியாளர். சரிவின் அளவை, அலை உயரத்துக்கும் ஆழ்கடல் அலைநீளத்துக்கும் உள்ள விகிதத்தின் வர்க்கமூலத்தால் வகுத்தால் அந்த எண் கிடைக்கும். அது 0.5க்குக் குறைவானால் அலை நுரைத்துச் சரியும். 0.5க்கும் 3.3க்கும் இடையில் சுருண்டு கவிழும். அதற்கும் மேலே போனால் உடையாமலே கரைமேல் எகிறிப் பாயும்.

முன்பு சொன்ன 7 விநாடி அலை 1 மீட்டர் உயரத்தோடு வருவதாகக் கொள்வோம். 50 மீட்டருக்கு 1 மீட்டர் ஆழமாகும் தட்டையான கரையில் இந்த எண் 0.2க்கும் கீழே; அலை முகட்டில் நுரை கட்டி மெதுவாகச் சரிந்து நெடுந்தூரம் ஓடிவரும். 10 மீட்டருக்கு 1 மீட்டர் ஆழமாகும் செங்குத்தான கரையில் அது 0.9ஐ நெருங்கும்; அதே அலை அங்கே சுருண்டு ஒரே வீச்சில் கவிழும். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கின் அலைச்சறுக்குப் போட்டி தாஹித்தி தீவின் தேஹுபோவில் நடந்தபோது தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். ஆழ்கடல் சட்டென்று பவளப்பாறைமேல் ஏறும் இடம் அது. அலைக்குத் தன்னைத் தயார்ப்படுத்திக்கொள்ள அவகாசமே கிடைப்பதில்லை.

பழகுகிறவருக்கு ஏற்றது நுரைத்துச் சரியும் அலைதான். அதில் எழுந்து நிற்க நேரம் இருக்கிறது. விழுந்தாலும் நுரையில்தான் விழுகிறோம். சுருண்டு கவிழும் அலையில் நான் ஒருமுறை தாமதமாக எழுந்தேன். பலகையின் மூக்கு அலையின் அடிவாரத்தில் குத்தி நின்றுவிட, நான் மட்டும் முன்னே போய் இடுப்பளவு நீரில் மணலில் தாடை மோத விழுந்தேன். வாயில் உப்பும் மணலும் இரத்தமும் ஒன்றாகக் கரித்தன. மூன்று தையல் போட்டார்கள். 1 கன மீட்டர் கடல்நீரின் எடை 1025 கிலோ, ஏறக்குறைய ஒரு மைவி காரின் எடை என்பதை அதற்குமுன் எண்ணளவில்தான் அறிந்திருந்தேன்.

காற்று அலையை உண்டாக்குகிறது என்றீர்கள். ஆனால் பழகியவர்கள் காற்று இல்லாத நாளுக்குக் காத்திருக்கிறார்களே?

அலையை உண்டாக்கும் காற்று தொலைவில் வீச வேண்டும். அலை உடையும் இடத்தில் வீசக் கூடாது. கடலிலிருந்து கரைக்கு வீசும் காற்று முகட்டைப் பின்னாலிருந்து தள்ளுவதால், அலை ஆழமான நீரிலேயே அவசரமாக உடைந்து ஒழுங்கற்றுச் சிதறும். கரையிலிருந்து கடலை நோக்கி வீசும் மென்காற்று அலையின் முகப்பைத் தாங்கிப் பிடிக்கிறது. அலை இன்னும் ஆழம் குறைந்த இடம்வரை வந்து, முகப்பு வழவழப்பாக நிமிர்ந்து, பிறகு உடைகிறது.

நம் கிழக்குக் கரையின் குறை இங்கேதான். அலையைக் கொண்டுவரும் வாடைக்காற்றே கரையை நோக்கியும் வீசுவதால், பருவக்காற்று உச்சத்தில் இருக்கும் நாளில் கடல் கலங்கிக் கொந்தளிக்கும். அந்த நாளில் பழகப் போவதில் பயனில்லை, ஆபத்து மட்டுமே உண்டு. பருவக்காற்று சில நாள்கள் ஓங்கி வீசி, பிறகு தணிந்து, மீண்டும் ஓங்கும். தணிந்த மறுநாள் விடியற்காலையில், காற்று நின்றிருக்கும், அலை மட்டும் இன்னும் வந்துகொண்டிருக்கும். குளுவாங்கிலிருந்து அதிகாலை 4 மணிக்குக் கிளம்புவது அந்த இரண்டு மூன்று மணி நேரத்துக்காகத்தான்.

ஒரே அலை சில இடங்களில் மொத்தமாக ஒரே நேரத்தில் உடைகிறது. சில இடங்களில் ஓர் ஓரத்திலிருந்து தொடங்கி உடைந்துகொண்டே போகிறது. ஏன்?

தமிழ்ப்பள்ளி விளையாட்டுப் போட்டியின் அணிவகுப்பில், ஒரு வரிசை சிமெண்டுத் தரையிலிருந்து சேறான திடலுக்குள் சாய்வாக நுழைகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் சேற்றில் கால் வைத்த பக்கம் மெதுவாகிறது, மறுபக்கம் இன்னும் வேகமாக நடக்கிறது, வரிசையே திரும்பிவிடுகிறது. அலையும் இப்படியே, ஆழம் குறைந்த பக்கம் தாமதிக்க, ஆழமான பக்கம் முந்த, அடித்தரையின் வடிவத்துக்கேற்ப வளைகிறது. கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் முனைகளில் அலைகள் குவிந்து உயர்வதும், விரிகுடாக்களுக்குள் பரந்து தணிவதும் இதனாலேயே. போர்த்துகலின் நசாரேயில் கடலடிப் பள்ளத்தாக்கு ஒன்று கரைவரை நீண்டு அலைகளை ஓரிடத்தில் குவிக்கிறது. அங்கே 2020 அக்டோபர் 29 அன்று செபாஸ்டியன் ஸ்டுட்னர் சறுக்கிய அலையின் உயரம் 26.21 மீட்டர் என்று பதிவாகியிருக்கிறது.

அடித்தரை கரைக்கு இணையாக ஒரே சீராக இருந்தால் அலை முழுவதும் ஒன்றாகக் கவிழும். அதில் சறுக்கிப் போக இடமில்லை. மணல்திட்டோ பாறையோ சாய்வாக அமைந்திருந்தால், உடையும் இடம் பக்கவாட்டில் நகர்ந்துகொண்டே போகும். உடைந்த நுரைக்குச் சற்று முன்னால், இன்னும் உடையாத செங்குத்தான முகப்பில் ஓடுவதே அலைச்சறுக்கு. கரையை நோக்கிச் சறுக்கும் உங்களுக்கு வலப்பக்கமாக அது உடைந்து போனால் வலது அலை. இடப்பக்கமாகப் போனால் இடது அலை. கரையிலிருந்து பார்க்கிறவருக்கு இது தலைகீழாகத் தெரியும். முதல் நாள் எல்லோருமே குழம்புவார்கள்.

கடல் ஏற்றமும் வற்றமும் இதை மாற்றுமா?

மாற்றும். ஆழம் மாறினால் உடையும் இடம் மாறுகிறது. ஏற்றத்தின்போது மணல்திட்டின்மேல் நீர் அதிகமாகி அலை அங்கே உடையாமல் கடந்து, கரையின் மேற்பகுதியிலுள்ள செங்குத்தான சரிவில் வந்து ஓங்கி விழலாம். காலையில் நல்லதாக இருந்த இடம் மதியத்தில் கெட்டுப்போவது வழக்கமான செய்தி. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் இந்த மாற்றம் அதிகம்.

ஏழாவது அலைதான் பெரியது என்று தாத்தா சொல்வார். உண்மையா?

ஏழு என்ற எண்ணுக்கு அடிப்படை இல்லை. ஆனால் பெரிய அலைகள் கூட்டமாக வரும் என்பதில் தாத்தா கண்டது சரி. சற்றே வேறுபட்ட அலைநீளமுள்ள அலைகள் ஒன்றோடொன்று சேர்ந்து வரும்போது, முகடும் முகடும் பொருந்திய இடத்தில் பெரியவை தோன்றும்; முகடும் பள்ளமும் பொருந்திய இடத்தில் கடல் அடங்கிக் கிடக்கும். ஆகவே ஐந்து நிமிடம் அமைதியாக இருக்கிறதே என்று இறங்கிவிடக் கூடாது. குறைந்தது இருபது நிமிடம் கரையில் உட்கார்ந்து பார்த்துவிட்டு இறங்குங்கள். நான் கூட்டிப் போகும் பிள்ளைகளிடம் இந்த ஒன்றில் விட்டுக்கொடுப்பதே இல்லை.

வானிலை அறிக்கையில் '1 மீட்டர், 7 விநாடி' என்று போட்டிருந்தால் அதை எப்படிப் படிப்பது?

அந்த 1 மீட்டர் என்பது உயரமான மூன்றில் ஒரு பங்கு அலைகளின் சராசரி. அதில் ஏறக்குறைய இரு மடங்கு உயரமுள்ள அலையும் இடையில் வரும். உயரம் இரு மடங்கானால் ஆற்றல் நான்கு மடங்காகும் என்பதையும் சேர்த்து நினையுங்கள். விநாடி கூடினால், அதே உயரத்திலும் அலைக்கு வலிமை கூடுதல். மலேசிய வானிலை ஆய்வுத் துறையின் பலத்த காற்று, கடல் கொந்தளிப்பு எச்சரிக்கையின் முதல் படியே மணிக்கு 40 முதல் 50 கிலோமீட்டர் காற்று, 3.5 மீட்டர் வரை அலை என்பதைக் குறிக்கும். அந்த எச்சரிக்கை இருக்கும் நாளில் வீட்டில் இருங்கள்.

என் மகள் போக வேண்டும் என்கிறாள். கடல் இழுத்துக்கொண்டு போய்விடும் என்கிறார்களே, எனக்குப் பயமாக இருக்கிறது.

உங்கள் பயம் நியாயமானது, அக்கா. அதைத் தள்ளிவைக்கச் சொல்ல மாட்டேன். எதைப் பார்த்துப் பயப்பட வேண்டும் என்பதை மட்டும் சொல்கிறேன்.

அலை உடையும்வரை நீர் பெரிதாக இடம் மாறுவதில்லை என்று முன்பே சொன்னேன். உடைந்த பிறகு நிலைமை வேறு. நுரைத்த நீர் உண்மையாகவே கரைக்குத் தள்ளப்படுகிறது. ஒவ்வோர் அலையும் கொண்டுவந்து குவிக்கும் அந்த நீர் எப்படியாவது திரும்பிப் போயாக வேண்டும். மணல்திட்டில் தாழ்வான வாய் ஒன்று இருந்தால், கரையோரம் தேங்கிய நீர் முழுவதும் அதன் வழியாக ஆறுபோல் கடலுக்குள் பாய்கிறது. அதன் வேகம் சாதாரணமாக விநாடிக்கு அரை மீட்டர் அளவில் இருக்கும். சில வேளைகளில் 2 மீட்டருக்கும் மேலே போகும். ஒலிம்பிக் வீரரே அதை எதிர்த்து நீந்த முடியாது.

கொடுமை என்னவென்றால், அந்த வாய் ஆழமாக இருப்பதால் அங்கே அலை உடைவதில்லை. இருபுறமும் வெண்ணுரை பொங்க, நடுவில் ஒரு பட்டை மட்டும் நிறம் அடர்ந்து அமைதியாகத் தெரியும். கடல் அறியாத குடும்பம், பிள்ளைகளுக்குப் பாதுகாப்பான இடம் என்று நினைத்து, சரியாக அங்கேதான் பாயை விரிக்கிறது. இதை நான் என் கண்ணால் பலமுறை பார்த்து, ஓடிப்போய்ச் சொல்லியிருக்கிறேன்.

அந்த நீரோட்டம் ஆளைக் கீழே இழுக்காது. வெளியே கொண்டுபோகும், அலை உடையும் கோட்டைத் தாண்டியதும் பெரும்பாலும் தளர்ந்துவிடும். அகப்பட்டவர் இறப்பது பெரும்பாலும் கரையை நோக்கி நேராக நீந்தி நீந்திச் சோர்ந்துபோவதால்தான். அகப்பட்டால் மல்லாந்து மிதந்து மூச்சைச் சீராக்க வேண்டும். கையை உயர்த்தி உதவி கேட்க வேண்டும். தெம்பு இருந்தால் கரைக்கு இணையாக, நுரை தெரியும் பக்கம் நீந்த வேண்டும். பலகையோடு இருப்பவர் பலகையை விடவே கூடாது. கரையில் இருப்பவர் பின்னாலேயே குதிக்காமல், மிதக்கும் பொருள் ஒன்றை எறிந்துவிட்டு 999ஐ அழைக்க வேண்டும். சிவப்புக் கொடி பறக்கும் கரையில் மகளை இறங்க விடாதீர்கள்.

முதல் பலகை எப்படி இருக்க வேண்டும்?

நீளமாகவும் அகலமாகவும், மேற்புறம் மென்மையான ஃபோமினால் ஆனதாகவும் இருக்க வேண்டும். அலையின் வேகத்துக்கு நாம் ஈடுகொடுத்தால்தான் அது நம்மை ஏற்றிக்கொள்ளும். பெரிய பலகை கையால் துழாவும்போது எளிதில் வேகம் பிடிக்கிறது. வாடகைக்கு எடுத்தால், பலகையைக் கணுக்காலோடு பிணைக்கும் கால்கயிற்றை முழு நீளமும் விரலால் உருவிப் பாருங்கள். ஒரு முறை நான் வாடகைக்கு வாங்கிய பலகையின் கயிறு, கணுக்காலுக்குச் சற்று மேலே வெடித்திருந்ததை நான் கவனிக்கவில்லை, கொடுத்தவரும் சொல்லவில்லை. மூன்றாவது அலையில் அது அறுந்து, பலகை கரைக்குப் போய்விட்டது. நான் இருந்த இடத்தில் கால் எட்டவில்லை.

கடல் இங்கிருந்து இரண்டு மணி நேரத்துக்கும் மேலான பயணம். குளுவாங்கில் இருந்துகொண்டே எதையாவது பழக முடியுமா?

முடியும். முதலில் நீச்சல். நிற்காமல் 200 மீட்டர் நீந்தவும், பத்து நிமிடம் கால் ஊன்றாமல் மிதக்கவும் தெரியாத யாரையும் நான் கடலுக்குக் கூட்டிப் போவதில்லை. அடுத்தது படுத்த நிலையிலிருந்து ஒரே அசைவில் எழுந்து நிற்பது. திடலில் பலகையின் அளவுக்குக் கோடு கீறி, அதற்குள் கால் விழும்படி நாளுக்கு முப்பது முறை செய்யலாம். மூன்றாவது, கண்ணுக்கான பயிற்சி. பெருமழை பெய்து ஓய்ந்ததும் உங்கள் வரிசை வீடுகளுக்குப் பின்னால் ஓடும் பெரிய வாய்க்காலைப் போய்ப் பாருங்கள், கரையிலேயே நின்று. தரையில் கல் கிடக்கும் இடத்தில் நீர் மேலே எழும்பும்; பள்ளமான இடத்தில் வழவழப்பாக அடங்கும். மழைநீர் வடிந்த மறுநாள் அதே இடத்துக்குப் போய், நேற்று நீர் எழும்பிய இடத்தில் கீழே என்ன கிடந்தது என்று சரிபாருங்கள்.